முட்டி வலி விசாரிக்காத மின்னஞ்சல்

அம்மாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. திரையில் "சைக்கிள் பாகம், வலது முட்டி" என்று வந்தது. அம்மா யாரையும் பெயர் போட்டுச் சேமித்ததில்லை.

எடுத்தேன்.

"என்னம்மா, என் மேல கோவமா?" வயதான ஆண் குரல். "நேத்து மெயில் போட்டிருக்கீங்க, முட்டி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. மனசே சரியில்ல. அதான் கூப்பிட்டேன்."

"நான் அவங்க பொண்ணு பேசுறேங்க. அம்மா போன மாசம் தவறிட்டாங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"அப்ப நேத்து மெயில் போட்டது யாரும்மா?"

நான் சர்வர்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒன்று உடைந்தால் முதலில் எங்கே உடைந்தது என்று பார்ப்பேன், அழுவது பிறகு. அந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பச் சொன்னேன். அம்மாவின் அலுவலக முகவரியிலிருந்தே போயிருந்தது. கீழே அவள் பெயர், அவள் தொலைபேசி எண். வெளியாள் யாரும் புகுந்த தடயம் இல்லை. முட்டி வலியை ஒரே வாரத்தில் விரட்டும் மாத்திரை ஒன்றின் பக்கத்துக்கு, பெரியவர் தன் இணையதளத்திலிருந்து ஒரு லிங்க் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருந்தது.

"லிங்க் போட்டுட்டேன்," என்றார். "உங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ரெண்டு டப்பா ஆர்டரும் பண்ணிட்டேன். நாளைக்கு வந்துடும்."

"வந்தா பிரிக்காதீங்க ஐயா. நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

அம்மா இருபது வருடம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். எலும்பு மருத்துவர் முதல் மாடி, ரத்தப் பரிசோதனை இடது பக்கம், அழுகிற குழந்தைக்கு ஜன்னலோர பெஞ்சு. மருத்துவமனை கைமாறியதும் அந்த மேசையில் ஒரு தொடுதிரையை நிறுத்தி அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து, செருப்புக் கடைக்கு மேலே ஒரே அறையில் இயங்கிய சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். மற்றவர்களின் இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவது அவர்கள் தொழில்.

வேலையைப் பற்றிச் சித்தி கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"சிபாரிசு வாங்கித் தர்ற வேலைடி," என்றாள் அம்மா.

"யாருக்கு?"

"வெப்சைட்டுக்கு."

"வெப்சைட்டுக்கு எதுக்குடி சிபாரிசு? பொண்ணு பாக்கப் போகுதா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். நான் அழகு, நான் நல்லவன்னு அதுவே சொல்லிக்கிட்டா எவன் நம்புவான்? நாலு நல்ல வெப்சைட்டு தன் பக்கத்துலேருந்து இதுக்கு வழி காட்டணும். அப்பதான் தேடுற எஞ்சின் இத முன்னாடி உக்கார வைக்கும்."

பொறியியல் படித்த நான் இதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது. ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுப்பது ஒரு நல்ல வார்த்தை மாதிரி. மரியாதையான இடத்திலிருந்து வந்தால் மதிப்பு கூடும். கண்ட இடத்திலிருந்து வந்தால் உள்ள மரியாதையும் போகும்.

அந்த அறையில் மற்ற மூவரும் ஒரே வாசகத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அம்மா ஒரு தளத்தை எடுத்தால் கடைசிப் பக்கம் வரை வாசிப்பாள். வாசிக்கும்போது எங்காவது ஒரு லிங்க் வேலை செய்யாமல் இருக்கும். அழுத்தினால் வெறும் பக்கம் வரும். அந்தத் தளத்தின் சொந்தக்காரருக்குத் தொலைபேசி போட்டு, "உங்க பக்கத்துல ஒரு கதவத் திறந்தா சுவர் இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். முதல் அழைப்பில் எதுவும் கேட்பதில்லை என்பது அவள் வைத்துக்கொண்ட வழக்கம். கேட்பது அடுத்த வாரம்.

சேர்ந்த புதிதில் ஒரு தவறும் செய்தாள். மருத்துவமனைப் பழக்கத்தில் ஒவ்வொரு மின்னஞ்சலையும் "வலி இப்போது எப்படி இருக்கிறது?" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரு கேக் கடைக்காரர் பயந்துபோய், யார் தனக்கு என்ன நோய் என்று சொன்னது என்று கேட்டு எழுதினார். சைக்கிள் பாகம் விற்கும் பெரியவர் மட்டும் நேர்மையாகப் பதில் போட்டார்: வலது முட்டி, ஏழெட்டு வருடமாக. அன்றிலிருந்து அவருக்கு அந்த வரி இல்லாமல் அம்மாவின் மடல் போனதில்லை.

முதலாளிக்கு "முதல் பக்கம்" என்று அம்மா பெயர் வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் "அக்கா, முதல் பக்கத்துக்கு வரணும், அவ்வளவுதான்" என்பார். ஆள் கெட்டவர் இல்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது மாத்திரை வாங்கி வந்து கொடுத்தவர். ஆனால் அவள் வேலை செய்யும் விதம் அவருக்குப் பிடிபடவில்லை. சக்கர நாற்காலி பழுது பார்க்கும் ஒருவர் வாடிக்கையாளராக வந்தபோது, அம்மா இரண்டு பேருந்து மாறி அவர் பட்டறைக்கே போய்விட்டாள்.

"நாற்காலில உக்காந்து பாக்கவா அக்கா சம்பளம் குடுக்கறேன்?"

"உக்காராம எப்படி சார் நாலு பேர்கிட்ட சொல்றது?"

அந்தப் பட்டறை ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. தெருவில் போகிறவர் பார்த்து வர வழியில்லை. தேடுபவர் கண்ணில் பட்டால்தான் பிழைப்பு. அம்மா அவருக்காக இரண்டு வருடம் பேசினாள். உடற்பயிற்சி சிகிச்சையாளர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியைகள், மூத்த அண்ணனுக்குச் சக்கர நாற்காலி வாங்கியிருந்த இந்தச் சைக்கிள் பெரியவர். ஒவ்வொருவராக லிங்க் கொடுத்தார்கள். பட்டறை முதல் பக்கத்தில் முதல் இடத்துக்கு வந்த அன்று அம்மா எனக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் வேலை மும்முரத்தில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

போன மாதம் ஒரு காலையில் குளிக்கப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இதயம் என்றார்கள்.

செருப்புக் கடைப் படி ஏறிப் போனேன். அம்மாவின் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்தது.

"நான் சொல்லித்தான் எழுதுச்சு," என்றார் முதல் பக்கம். "அத ஒண்ணும் சொல்லாதீங்க."

"அம்மா பேர்ல ஏன் சார்?"

"வேற யார் பேர்ல போட்டாலும் பதிலே வரலம்மா. ஆயிரம் போட்டா ரெண்டு வருது, அதுலயும் ஒண்ணு திட்டு. அக்கா பேர்ல போட்டா அன்னைக்கே லிங்க் போடறாங்க. இந்த மாத்திரைக் கம்பெனி இல்லன்னா அடுத்த மாசம் இந்த ரூமே இல்ல. இந்தப் பொண்ணும் வீட்டுக்குத்தான் போகணும்."

"அம்மாகிட்ட கேட்டிருந்தா?"

அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா முன்னாடியே முடியாதுன்னுட்டாங்க. இதுல எங்க சார் உக்காந்து பாக்குறதுன்னு கேட்டாங்க."

"நீ சும்மா இரு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "மெயில் ஐடி கம்பெனியோடதும்மா. சட்டப்படி பாத்தீங்கன்னா..."

"தெரியும் சார். நான் இதத்தான் தொழிலா பாக்கறேன். உங்க சர்வர், உங்க ஐடி. பேரு உங்களோடது இல்ல."

இனி அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே போனவற்றைப் பற்றிக் கேட்டேன். "போனது போனதுதான். நாமளா போய் இது அக்கா எழுதலன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? லிங்க் போட்டவன் எல்லாத்தையும் கழட்டி விட்டுடுவான். அந்த நாற்காலிக்காரரோடதையும் சேத்து. அக்காவுக்காகப் போட்ட லிங்க்தானே எல்லாம்?"

படி இறங்கும்போது அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஏமாந்தவர்கள் கோபத்தில் எதைப் பிடுங்குவார்கள், எதை விடுவார்கள் என்று யார் கண்டது? பேசாமல் இருந்தால் அம்மா பெயரை நம்பி யாரோ அந்த மாத்திரையை விழுங்குவார்கள். பேசினால் ஒரு பட்டறை மூடலாம்.

சந்தின் கடைசிக்குப் போனேன். பட்டறைக்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றி, கோணல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உண்மையச் சொன்னா என் லிங்கையும் எடுத்துடுவாங்களா?"

"சிலர் எடுப்பாங்க."

"எத்தனை பேரு?"

"தெரியாதுங்க."

சக்கரத்தை நிறுத்தினார். ஒரு கம்பியை லேசாக முறுக்கினார். மறுபடி சுழற்றினார்.

"உங்கம்மா வந்து உக்காந்தாங்களே, அந்த நாற்காலிக்கு நான் பிரேக் போட மறந்துட்டேன். தரை கொஞ்சம் சரிவு. அதோ அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டாங்க. நான் பதறிப்போயிட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, 'அப்ப பிரேக்க எப்படி சரி பாக்குறதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க, வீட்டுல இருக்கறவங்களுக்கு உதவும்'னாங்க. எனக்கு எழுத வராதுன்னேன். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்னாங்க. எல்லாரும் லிங்க் குடுத்தது அந்தப் பக்கத்துக்குத்தான்."

"எனக்குத் தெரியாது."

"சொல்லிடுங்கம்மா. அவங்கள நம்பி ஒருத்தர் கண்டதையும் தின்னா அது என் தலையிலயும் விடியும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா என்னையும் கழட்டி விட்டுடாதீங்கன்னு சேத்துச் சொல்லுங்க. நான் ஒண்ணும் மகான் இல்ல. ரெண்டு பசங்க படிக்குது."

அம்மாவின் கைபேசியிலிருந்தே ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். "ஸ்கூல் டீச்சர், தூக்கம் இல்லை." "பிசியோ, தனக்கே முதுகு வலி." "கேக் கடை, பயந்தவர்." ஒவ்வொருவருக்கும் அம்மாவின் மரணத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இறுதிச் சடங்கன்றுகூட நான் இவ்வளவு முறை அதைச் சொல்லவில்லை. டீச்சர் அழுதுவிட்டார். பிசியோ, மாத்திரை லிங்கைப் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்தார். ஒருவர் என்னையே மோசடிக்காரி என்று திட்டி வைத்தார். "இனிமே யாரையும் நம்பறதா இல்ல," என்று இன்னொருவர் மாத்திரையோடு பட்டறையையும் சேர்த்து எடுத்துவிட்டார். அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் பட்டறை சரிந்தது. முதல் இடம், ஐந்தாம் இடம், பிறகு இரண்டாம் பக்கம். இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை. முதலாளி தொலைபேசியில் கத்தினார். "உங்கம்மா கட்டினத நீங்களே கலைச்சிட்டீங்க!" மாத்திரைக் கம்பெனி போய்விட்டதாம். பட்டறைக்காரர் கூப்பிடவே இல்லை. அது கத்தலைவிடக் கனமாக இருந்தது.

சைக்கிள் பெரியவருக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். டப்பாவைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பட்டறை லிங்கை எடுக்கவில்லை. ஆனால் நாலைந்து கேள்வி கேட்டார்: பட்டறை எங்கே, எந்தப் பேருந்து, ஆள் எப்படி.

இன்று காலை வழக்கம்போலத் தேடிப் பார்த்தேன். பட்டறை முதல் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. எப்படி என்று பார்த்தேன். பெரியவரின் தளத்தில் ஒரு புதிய பக்கம். அண்ணனின் நாற்காலியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரிலேயே போயிருக்கிறார். தானும் உட்கார்ந்து பார்த்தேன், சரிவில் விட்டுப் பார்த்தேன், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று சுற்றி வளைத்து எழுதி, பட்டறைக்கு லிங்க் கொடுத்திருந்தார். அதைப் படித்துவிட்டுப் பிசியோவும் டீச்சரும் தங்கள் தளங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார்கள். டீச்சர் சொல்லிப் புதிதாக இன்னும் இரண்டு பேரும் லிங்க் கொடுத்திருந்தார்கள். அவர்களை எனக்குத் தெரியாது, அம்மாவின் கைபேசியிலும் இல்லை.

கடைசி வரிதான். நாளைக்கே மறுபடி கீழே போகலாம். பட்டறைக்காரருக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "ரெண்டு பேர் வந்திருக்காங்க. அப்புறம் பேசறேன்."

பெரியவருக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன். சொன்னேன். சரி சரி என்றார். வைக்கப் போனேன்.

"இரும்மா. ஒண்ணு மறந்துட்டியே."

"என்னங்க ஐயா?"

"உங்கம்மா போன்லேருந்து கூப்பிடற, ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

அலமாரியின் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. பாதிப் புடவைகள் கட்டிலில்.

"முட்டி எப்படி இருக்குங்க?" என்றேன்.

ஏறும்போதுகூடத் தேவலை, படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்று ஆரம்பித்தார். புடவைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன்.