பாக்கியலெட்சுமி காட்டிய இடம்

எலும்பே இல்லாத ஒரு பூச்சி கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லுக்குள் கலையாமல் இருக்க, எலும்போடு பிறந்த பிள்ளை ஆறே ஆண்டுகளில் எங்கே போய்விடுகிறது? பாக்கியலெட்சுமி இப்படிக் கேட்டதில்லை. அவள் வாழ்ந்த விதம்தான் கேட்டது போலிருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. 1919இல் கனடாவிலிருந்து துரையின் தம்பி ஒரு கறுப்புப் பலகைக்கல் அனுப்பியிருந்தார். அதில் விரல் நீளத்தில் ஒரு பிராணி. காலும் செவுளும்கூட மெல்லிய படலமாகப் பதிந்திருந்தன.

"எறா மாதிரி இருக்குங்க தொரை."

"எறா இல்லே. எறாவுக்குப் பாட்டன்."

"வவுத்துல கறுப்பா என்னங்க?"

"கொடல். சேறு சட்டுன்னு மூடிச்சு. காத்து இல்லே, புழு இல்லே. அதான் கெடக்கு."

அவள் தலையசைத்துவிட்டு அடுத்த அலமாரியைத் துடைக்கப் போனாள்.

மறு ஆண்டு, தொழிலாளர் வரிசைவீடுகளான மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த புதைமேட்டிலும் தேயிலை நடுவதென்று முடிவானது. அங்கே புதைத்த தங்கள் ஆட்களைத் தோண்டி எடுத்துக்கொள்ள இரண்டு நாள் கொடுத்தார்கள். பாக்கியலெட்சுமியின் எட்டு மாதப் பெண்குழந்தையும் அங்கேதான் இருந்தது. ஆறு ஆண்டுக்கு முன் அது காய்ச்சலில் போனபோது கணவன் அழகர் ரயில்பாதை வெட்டும் வேலையில் தொலைவில் இருந்தான். பக்கத்துக் காம்பரா ராசம்மாவும் அவளுமாகவே புதைத்தார்கள். வைத்த கல் அடுத்த மழையில் உருண்டுவிட்டது. இடம் தெரிந்தவர்கள் அந்த இருவர்தான். பாக்கியலெட்சுமி அழுததாக யாருக்கும் நினைவில்லை. மறுநாள் பெரட்டில், காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறித்தாள்; பங்களா வேலை பிறகு வந்தது. அதைத் துணிவு என்று சொல்ல ஆதாரம் இல்லை.

"எட்டு மாசப் புள்ள, ஆறு வருச மழை. வெறும் மண்ணுதான் வரும் அழகரு," என்றார் கங்காணி மாடசாமி.

"மண்ணு வந்தா மண்ண எடுத்துக்கிறேன். ஒங்க மம்பட்டியா தேயப்போகுது?"

அழகர் மகளைப் பார்த்ததே இரண்டு முறைதான்.

"எடம் காட்டு புள்ள."

அவள் மேட்டில் ஏறி, நடுவே ஓடிய பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்று கை காட்டினாள். அவன் இடுப்பளவு தோண்டினான். செம்மண்தான் வந்தது. ஒரு பிடியைத் துண்டில் முடிந்து, ஆற்றில் கரைத்து, அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

தோண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்த ராசம்மா, அவன் ஆற்றுக்குப் போன பிறகு மேட்டிலேயே கேட்டாள்.

"அடியே, நம்ம வச்சது பள்ளத்துக்கு அங்கிட்டுல்ல?"

"ஆமா."

"பெறகு ஏன்டி அவருக்கு இங்க காட்டுன?"

"அது காத்துப் படாம அப்படியே கெடக்கட்டும்," என்றுவிட்டு பாக்கியலெட்சுமி மேட்டிலிருந்து இறங்கினாள். ஐப்பசி மழையில் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் தேயிலைக் கன்று வைத்தார்கள்.