அப்பா காய வச்ச பாகற்காய்

தயிர்ல ஊறின மிளகாய் வெயில்ல சூடாகும்போது ஒரு நெடி வரும் பாருங்க... புளிப்பும் காரமும் சேர்ந்து மூக்குல ஏறும். படியேறி நாலாவது மாடிக்கு வரும்போதே தெரிஞ்சிடும், எங்க வீட்டு வாசல்ல இன்னைக்கு மோர் மிளகாய்.

ஈசூன்ல அடுக்குமாடி பிளாக், காரிடார் கடைசியில எங்க வீடு. காலை வெயில் நேரா வாசல்ல வந்து விழும். அந்த வெயிலை ஒரு நாள்கூட வீணாக்க மாட்டாரு எங்க அப்பா.

ஆமா, அப்பாதான். அம்மா இல்ல.

அம்மாவுக்கு ஃபேக்டரியில காலை ஷிஃப்ட். இருட்டு விலகறதுக்குள்ள கம்பெனி பஸ் வந்துடும். அப்பா பஸ் மெக்கானிக், மத்தியான ஷிஃப்ட். எனக்கும் மத்தியான ஸ்கூல்தான். அதனால காலையில வீட்ல நானும் அப்பாவும் மட்டும். சமையல் அவர்தான். வத்தல் போடறதும் அவர்தான்.

பாகற்காயை வட்ட வட்டமா ஒரே கனத்துல வெட்டி, உப்புப் போட்டு, பழைய பேப்பர் விரிச்ச தட்டுல பரப்புவாரு. வெண்டைக்காய், கொத்தவரங்காய் எல்லாம் உண்டு. மோர் மிளகாய் காலை வெயில்ல காயும், அப்பா வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னால திரும்ப அதே தயிருக்குள்ள போகும். வெயில் கூடாதுன்னு கறிவேப்பிலையையும் செம்பருத்திப் பூவையும் மட்டும் ஹால்ல ஃபேனுக்குக் கீழ காய வைப்பாரு. செம்பருத்தி அம்மா தலைக்குத் தேய்ச்சுக்க.

நம்ம ஊர் மழைதான் தெரியுமே... பளிச்சுன்னு வெயில் அடிக்கும், பத்தே நிமிஷத்துல கொட்டும். அப்பா வானத்தை ஒரு பார்வை பார்த்து, "எடும்மா எடும்மா"ன்னு கத்துவாரு. ஆளுக்கு ரெண்டு தட்டைத் தூக்கிட்டு உள்ள ஓடுவோம். அதுல ஒரு குஷி.

அம்மா களைச்சுப் போய் வருவாங்க. எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்த காலு. சோறு, ரசம், வறுத்த வத்தல் எல்லாம் மேசையில ரெடியா இருக்கும். செருப்பைக் கழட்டிட்டு அப்படியே உக்காந்து சாப்பிடுவாங்க.

இப்போ அந்தச் சனிக்கிழமைக்கு வர்றேன்.

நான் அப்போ பிரைமரி ஃபைவ், அஞ்சாம் வகுப்பு. அம்மாவோட அண்ணன், தோ பாயோல இருக்கற மாமா, கூட வேலை செய்ற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. அப்பா கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல குத்த வச்சு, பாகற்காயைத் திருப்பிப் போட்டுட்டு இருந்தாரு.

மாமா நின்னு பார்த்தாரு. காரிடாரே கேக்கற மாதிரி, "என்ன மாப்ள... தங்கச்சியோட சேலையை எடுத்து நீங்களே கட்டிக்கலாமே!"

கூட வந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பக்கத்து வீட்டு ஜன்னல்ல ரெண்டு தலை எட்டிப் பார்த்துச்சு.

அதோட விட்டாரா? வழியில இருந்த தட்டை ஷூ காலால தள்ளினாரு. சாப்பிடற பொருளை... ஷூ காலால! பாகற்காய் காரிடார் முழுக்கச் சிதறுச்சு.

அம்மா கதவுகிட்ட நின்னாங்க.

நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கறாங்கன்னு நானும் சிரிச்சேன். மாமா மேல எவ்வளவு கோவமோ, அதுல பாதி என் மேலயும் இருக்கு.

அப்பா ஒவ்வொண்ணா பொறுக்கினாரு. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு, கை கழுவிட்டு வந்து, வந்தவங்களுக்கு டீ கலந்தாரு. அன்னைக்கு ராத்திரி அம்மா சொன்னாங்க, "இனிமே வேணாங்க. நாலு பேர் பேசறாங்க."

அவ்வளவுதான். அப்புறம் அப்பா வத்தல் போடவே இல்ல. கொஞ்ச நாள்ல சமையல்கட்டுப் பக்கமே வர்றதில்ல. அம்மா ஃபேக்டரியில நின்னு, வீட்டுக்கு வந்து அடுப்புகிட்டயும் நின்னாங்க. வத்தல் தேக்கா மார்க்கெட் கடையில இருந்து பாக்கெட்ல வந்துச்சு. அம்மாவுக்கு முட்டி போனது அந்த வருஷங்கள்லதான்.

அம்மா இப்போ இல்ல.

போன வாரம் மாமா வீட்ல ஒரு விசேஷம். அவரோட பேரன் அர்வின் டிஹைட்ரேட்டர் மெஷின் வாங்கியிருக்கான். மாம்பழம், பாகற்காய், ரோஜா இதழ்னு காய வச்சு, வீடியோ எடுத்துப் போடறான். நல்ல பையன், அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா மாமா அந்த ஃபோனை ஒவ்வொருத்தர்கிட்டயும் நீட்டி, "பாருங்க, என் பேரன்! பொண்டாட்டிக்கு எவ்வளவு ஒத்தாசையா இருக்கான்! இந்தக் காலத்துப் பசங்கதான் லா ஆம்பளைங்க!"

அப்பா அங்கேயே சோஃபாவுல உக்காந்திருக்காரு. மாமா ஃபோனை அவர்கிட்டயும் நீட்டினாரு.

என்னால முடியல. "மாமா, எங்கப்பா இதைத்தானே செஞ்சாரு? நீங்க ஷூ காலால தட்டைத் தள்ளினீங்க."

"எப்போ? நானா? சேச்சே... அப்படியே இருந்தாலும் சும்மா ஜோக்குக்குப் பண்ணியிருப்பேன் லா!"

ஞாபகமே இல்லையாம்! ஒரு வீட்டையே மாத்திட்டுப் போன மனுஷனுக்கு அது ஞாபகமே இல்லையாம்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாரு. குரலை உசத்தல.

"தள்ளினீங்க மச்சான்."

மாமா ஃபோனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. சாரி கேக்கல. பிரியாணி எடுத்துட்டு வரச் சொல்லி உள்ள குரல் கொடுத்தாரு.

திரும்பி வர்றப்போ எம்.ஆர்.டி. ரயில்ல அப்பா, "விடும்மா, வயசான மனுஷன்"னாரு. அப்பாவுக்கும்தான் வயசாச்சு. அவருக்காக யாரு எதை விட்டாங்க?

இப்போ எங்க வீட்ல என் வீட்டுக்காரர்தான் சமைக்கறாரு. காரிடார்ல பார்க்கற ஆன்ட்டி எல்லாம், "நீ ரொம்ப லக்கி லா"ங்கறாங்க.

எங்கம்மாவும் லக்கியாத்தான் இருந்தாங்க, ஆன்ட்டி. அவங்களை அப்படியே இருக்க விடல.