ஸ்கொட்லாந்தின் ஆகப் பெரிய மனிதர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து கோப்பி மேசைக்கு வந்ததும் அந்த வீட்டில் சண்டை தொடங்கிவிடும். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மாடிவீடு அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவியும் அங்கே வேலைக்கிருந்தோம். வீட்டுக்காரர் ஸ்கொட்லாந்துக்காரர். இளவயதில் ஆங்கிலம் படிப்பிக்க வந்து, சிசிலிப் பெண்ணைக் கட்டி, அந்த அம்மா இறந்த பிறகும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டவர். எங்களுக்குள் அவரை வாத்தியார் என்போம்; நேரில், இத்தாலிய வழக்கப்படி, புரொபெஸ்ஸோரே. சண்டைக்கு வருபவர் அவருடைய மைத்துனர், ஓய்வுபெற்ற டொக்டர்.

ஸ்கொட்லாந்தில் பிறந்தவர்களில் ஆகப் பெரிய மனிதர் யார் என்பதுதான் வழக்கு. பென்சிலினைக் கண்டுபிடித்தவர் என்பார் வாத்தியார். டொக்டர் வாழ்நாளெல்லாம் அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவர்தான். ஆனாலும் வீம்புக்குத் தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் பக்கம் நிற்பார். சிலவேளை ஒரு போர்வீரனையும் ஒரு கவிஞரையும் இழுத்து வந்து, சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். பெருமை பேச நிம்மதியான ஒரு நாடு இருப்பவர்களின் விளையாட்டு என்று நினைப்பேன். பொறாமையாகவும் இருக்கும்.

இன்று என் மகள் யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறாள். அன்று போரினால் அங்கே பேச வழியில்லை. மருந்தும் ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை. ஊர்ச் செய்தி கொழும்பிலிருந்த மனைவியின் சித்தப்பா மூலம்தான் வரும். அவர் அழைப்பதற்குத் தன் வீட்டு இலக்கத்தைக் கொடுக்கச் சொன்னவர் வாத்தியார்தான்.

ஒரு ஞாயிறு, சண்டை உச்சத்தில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. தன் கட்சி வென்றுவிட்டதுபோல் டொக்டர் கைகளை விரித்துச் சிரித்தார். நான் எடுத்தேன்.

"பிள்ளை பக்கத்திலை நிக்கிறாளோ?" என்று மனைவியைக் கேட்டார் சித்தப்பா.

"ஓம், நிக்கிறா."

"சின்னவன் போயிட்டான். காலிலை தகரம் வெட்டி செப்டிக் ஆகிப்போச்சு. ஆசுபத்திரியிலை ஊசி மருந்து இல்லையாம். எல்லாம் முடிஞ்சு கனநாள். எனக்கே நேற்றுத்தான் ஆள் வந்து சொன்னது."

சின்னவன் மனைவியின் ஒரே தம்பி. எப்படியாவது அவனை இங்கே எடுப்பித்துவிட வேண்டும் என்றுதான் அவள் வெளிநாட்டுக்கே சம்மதித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர்? அம்மாவோ?" என்றாள்.

"சின்னவன்."

சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டாள். வாத்தியார் என்னவென்று கேட்க, எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் சொன்னேன்.

"பென்சிலின்?" என்றார்.

"இல்லையாம்."

டொக்டர் எழுந்து வந்து, முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, என் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சண்டை அந்த வீட்டில் பிறகு நடக்கவில்லை. ஞாயிறுகளில் காலநிலையையும் மீன் விலையையும் பேசினார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் வாத்தியாருக்கு நியுமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் மனைவிதான் பகலில் கூட இருந்தாள். "அந்த மருந்து சொட்டுச் சொட்டா இறங்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்," என்று ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னாள். "அவர் பிழைக்கவேணுமெண்டுதான் மன்றாடுறன். ஆனா நெஞ்சு எரியுது."

அவர் பிழைத்தார். எழுந்து உட்கார்ந்த அன்று நானும் போயிருந்தேன். மைத்துனரை எப்படியாவது சிரிக்க வைக்க நினைத்த டொக்டர், "சரி, தோற்றுவிட்டேன். உன்னுடைய ஆள்தான் பெரியவர். உன்னை எழுப்பிவிட்டாரே!" என்றார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. சூப்புக் கிண்ணத்தோடு நின்ற என் மனைவியைப் பார்த்தார்.

"இவள் தம்பியிடம் அவர் போய்ச்சேரவில்லையே," என்றார்.

மனைவி கட்டிலருகே இருந்து கரண்டியை நீட்டினாள். "குடியுங்கள், புரொபெஸ்ஸோரே. ஆறிவிடும்."

அவர் வாயைத் திறந்து குடித்தார். வேறு என்ன செய்வது.