ஆளில்லாமல் வந்த படகு

பெஞ்சமின் முதல்முறை என் கடைக்கு வந்தபோது முழங்கைவரை வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் ஜெராக்ஸ் எடுத்து, மனு டைப் செய்து கொடுக்கிற கடை என்னுடையது. எந்த ஆபீசுக்கு எதை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. அவன் கேட்ட மாதிரி ஒரு மனுவை மட்டும் நான் அதுவரை எழுதியதில்லை.

"ஜோதிக்கா, கரையில ஒரு போட்டு ஒதுங்கிக் கெடக்குது. ஆளு யாருன்னு தெர்ல. அத்த எம் பேருல எழுதி வாங்கணும். இன்னா பண்ணணும்?"

அவனுக்கு நாற்பத்தாறு வயது. செய்யூர் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். பதினேழு வயதில் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனிக்குப் போய் பைபர் வேலை கற்றுக்கொண்டான். பிறகு இந்தக் கரைக்கு வந்து, உடைந்த படகுகளுக்கு ஒட்டுப் போட ஆரம்பித்தான். அவன் கை படாத படகு இங்கே குறைவு. ஆனால் அவன் மீனவன் இல்லை, அவனுக்கென்று ஒரு படகும் இல்லை. ஒட்டுப் போட்டு முடித்ததும் படகைக் கடலில் தள்ளிவிட்டு, கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான்.

டிசம்பர் புயல் ஓய்ந்து மூன்றாம் நாள் அந்தப் படகு வந்தது. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. எஞ்சின் இல்லை. பாறையில் உரசி உரசிப் பதிவு நம்பர் தேய்ந்து போயிருந்தது. ஆளில்லாமல் வந்த படகைக் குப்பத்துக்காரர்கள் யாரும் தொடவில்லை. "உனுக்கு வோணும்னா எடுத்துக்க பெஞ்சமின். ஆனா பேப்பரு கரெக்டா இருக்கணும். நாளைக்கு எங்களுக்குப் பேஜாரு வரக்கூடாது" என்றார்கள்.

நான் விசாரித்துச் சொன்னேன். முதலில் போலீஸ் ஸ்டேஷனிலும் மீன்வளத்துறையிலும் தகவல் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பேப்பரில் விளம்பரம். சொந்தக்காரர் வந்தால் அவர் கையெழுத்து. ஒரு வருஷம் யாருமே வராவிட்டால் அவன் பெயரைப் பரிசீலிப்பார்கள். இரண்டு இடத்துக்கும் மனு போட்டோம்.

அவன் மனைவி ரூத், பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவள். ஒருநாள் தனியாக வந்தாள்.

"நீயாவது சொல்லுக்கா. வேணாம் அந்தப் போட்டு. வெயில்ல நாய்ங்க எல்லாப் போட்டு நெழல்லயும் படுக்குது. இது பக்கத்துல ஒண்ணுகூட போவ மாட்டேங்குது. யாரோ குந்திகினு கீறாப்பலயே கீது எனக்கு."

நான் சிரித்து அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் பெஞ்சமின் வந்து செல்போனை என் முன்னால் நீட்டினான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகின் முன்பக்கத்தை மிஷின் வைத்துத் தேய்த்திருக்கிறான். நீலப் பெயிண்ட் உதிர உதிர அடியிலிருந்து மஞ்சள் எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கிறது. சஹானா.

"மூணாவது எழுத்து வந்தப்ப மிஷின ஆப் பண்ணிட்டேன்க்கா. தூசியத் தொடச்சிட்டுப் படிச்சேன்."

விளம்பரத்தில் அந்தப் பெயரையும் சேர்த்தேன். போன் நம்பர் என் கடையுடையதைக் கொடுத்திருந்தேன். பதினோராம் நாள் ஒரு பெண் பேசினாள்.

"பேப்பர்ல போட்டிருக்கீங்களே, போட்டுல எழுதியிருந்ததுன்னு ஒரு பேரு. அது என் பேருங்க."

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். யாரோ விளம்பரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவள் அப்பா கண்ணாயிரம், பழவேற்காட்டுக்காரர். புயலுக்கு முந்தின நாள், போட்டிருந்த வலையை எடுத்து வருகிறேன் என்று ஒண்டியாகப் போனவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா பெயர் பார்வதம். பெஞ்சமின், ரூத், நான் மூவரும் கரையில் நின்றோம். பார்வதம் அழவில்லை. படகை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கம் வந்ததும் குனிந்து பார்க்காமலே உள்ளே கையை விட்டுத் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது.

"ஐஸ் பெட்டி விழுந்து விரிஞ்ச எடம். இதான்" என்றாள். பிறகு பெஞ்சமினைப் பார்த்தாள். "உள்ள கயிறு எதனா இருந்துச்சா தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா" என்று ரூத் முந்திக்கொண்டாள்.

பெஞ்சமின் ரூத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "இருந்துச்சிம்மா" என்றான். "குறுக்குப் பலகையில கட்டியிருந்துச்சி. மொத நாளு சுத்தம் பண்ணும்போது நான்தான் அறுத்தேன்."

"முடிச்சு எப்டி இருந்துச்சு?"

"இறுகிக் கெடந்துச்சி, வளையம் எங்கியும் அறுபடாம அப்டியே இருந்துச்சி. அவுத்துப் பாத்தேன், முடியல. அதான் கத்தி போட்டேன்."

காற்று பலமாக இருந்தால் கண்ணாயிரம் இடுப்பில் கயிற்றைச் சுற்றிப் பலகையோடு கட்டிக்கொள்வாராம். ஏதோ ஒரு கப்பல்காரன் கயிற்றை அறுத்து அவரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான், எந்த ஊரிலோ இருக்கிறார், பாஷை தெரியாமல் தவிக்கிறார் என்று இரண்டரை மாதமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்ப யாரும் அறுத்துக் கூட்டிகினு போவல" என்றாள். படகில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அங்கேயே இருந்தாள்.

ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை நான் முன்கூட்டியே டைப் செய்து வைத்திருந்தேன். புத்தி கெட்டவள் நான். கடையில் வைத்து சஹானா அதைப் படித்துக் காட்டினாள். 'காலஞ்சென்ற கண்ணாயிரத்தின் மனைவி' என்ற இடத்தில் பார்வதம் கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்த வார்த்தைய எடுத்துட்டுக் குடுங்க. போடறேன்."

எடுத்தால் கடிதம் செல்லாது. சொந்தக்காரர் உயிரோடிருந்தால் அவரேதான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இறந்தார் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லாததால் மனைவியே அப்படி எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் காணாமல் போனவரைச் சட்டப்படி இறந்தவராகக் கருத ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கினேன். அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 'விளம்பரத்துக்குப் பின் யாரும் உரிமை கோரவில்லை' என்று ஒரு தாள் டைப் செய்து பெஞ்சமின் முன் வைத்தேன். அவர்கள் எழுத்தில் எதுவும் கேட்கவில்லையே, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். அவன் பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான்.

"வந்தாங்களேக்கா" என்றான். மூடியைத் திரும்ப மாட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச், ஏப்ரல், மே. படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. மற்றவர்கள் படகில் ஒட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தார்ப்பாய் அருகே கொஞ்ச நேரம் நிற்பானாம். "போய்ட்டு வரேன்" என்று அவன் சொன்னதை ரூத் காதாரக் கேட்டிருக்கிறாள். வீட்டில் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்ப்பானாம்.

ஆகஸ்டில் சஹானா மறுபடியும் கூப்பிட்டாள். வீட்டுப் பட்டா அப்பா பெயரில். அம்மாவுக்கு விதவை உதவித்தொகை, அது இது என்று எதற்குப் போனாலும் இறப்புச் சான்று கேட்கிறார்கள். காணவில்லை என்று கொடுத்த புகார் அப்படியே கிடக்கிறது. கோர்ட்டுக்குப் போவதென்றால் ஆதாரம் வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். பார்வதம் போனை வாங்கினாள்.

"அந்தத் தம்பி கயிறப் பத்தி சொல்லிச்சே. அத்த எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

பெஞ்சமின் வந்து உட்கார்ந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். படகு கிடந்த இடம், கிழிந்த பக்கம், கயிற்றின் நிறம், எத்தனை சுற்று, எந்த மாதிரி முடிச்சு.

"அந்த வளையம் எவ்ளோ பெருசு?" என்று கேட்டேன்.

அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி வட்டமாகப் பிடித்துக் காட்டினான். ஒரு ஆளின் இடுப்பளவு. நான் எழுதி முடித்தேன், பிரிண்ட் எடுத்தேன், அவன் கை இறங்கவில்லை. எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். "பெஞ்சமின்" என்று தோளைத் தொட்டேன். அப்புறம்தான் கையை விட்டான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்: "ஒரு போட்டுக்குப் பேப்பரு கேக்க வந்தேன். ஒரு மனுசன் செத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

கோர்ட்டில் அவனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொன்னதையே சொன்னான். பிப்ரவரியில் சான்று வந்தது. பார்வதம் அதை எடுத்துக்கொண்டு தானே என் கடைக்கு வந்தாள். பழைய கடிதத்தையே திரும்பப் பிரிண்ட் எடுக்கச் சொன்னாள். இந்த முறை அந்த வார்த்தை இருந்தது. சஹானாவும் வாரிசாகக் கையெழுத்துப் போட்டாள். பார்வதம் போட்டுவிட்டு, "அந்தப் பேரை அழிச்சிடு தம்பி. எம் பொண்ணு பேரு இனிமே தண்ணியில போவ வேணாம்" என்றாள்.

அவன் அழித்தான். விண்ணப்பத்தில் படகின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ரூத் பெயரைப் போடலாமா என்றேன். கூட வந்திருந்த ரூத் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். இரண்டு மாதத்தில் பதிவுப் புத்தகம் வந்தது. உரிமையாளர் பெயர்: பெஞ்சமின். அதற்குக் கீழே நம்பர் மட்டும்.

பழைய எஞ்சின் ஒன்றைச் சரி செய்து மாட்டி, குப்பத்து ஆட்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு போய் வருகிறான். மீன் படுகிறது. மற்ற படகுகளைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போன வாரம் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தான். "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயம்லாம் இல்லக்கா" என்றான். "பைக்குல பின்னாடி ஒருத்தர ஏத்திகினு போனா எப்டி இருக்கும்? திரும்பிப் பாக்க மாட்ட, ஆனா இருக்காருன்னு தெரியும்ல? அது மாரி கீது. திருப்பத்துல கொஞ்சம் மெதுவா போறேன்."

இரண்டு காப்பி வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். மிஷினின் கண்ணாடியில் அவன் புத்தகத்திலிருந்து உதிர்ந்த மணல் கிடந்தது. துணியால் துடைத்துவிட்டு, வரிசையில் நின்றவரிடம் ஆதார் கார்டை வாங்கினேன்.