நல்லம்மாள் கழற்றிக் கொடுத்த தாலி

சுங்கை வே ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், அடுத்த வாரம் அவள் ரவிக்கைத் துணியோடு வந்து நிற்பது நல்லம்மாள் வீட்டில்தான். அளவெடுக்கும்போது, "நெஞ்ச நிமித்தி நில்லு லா, பட்டாளத்துல நிக்கிற மாதிரி" என்பாள் நல்லம்மாள். அது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. அவள் தையல் கற்றுக்கொண்டதே பட்டாளத்துக்குச் சட்டை தைத்துத்தான்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த சண்டைக் காலத்தில் அவள் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் வேலைக்குப் போக வரிசையில் நின்ற ஆண்களை ஜப்பான்காரன் அப்படியே லோரியில் ஏற்றி, எல்லை தாண்டிச் சயாம் நாட்டுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டான். அதில் அவள் கணவர் பக்கிரிசாமியும் போனார். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். யார் அனுப்பினார்கள்? போனவர்கள் இருக்கிறார்களா செத்தார்களா என்றுகூடத் தெரியவில்லை.

தோட்டத்தில் மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும் நடமாட முடியாத கிழங்களும்தான். ரப்பரை வாங்க ஆள் இல்லை, அரிசியும் இல்லை. பெண்களே காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள், கிணறு தூர்வாரினார்கள், காய்ச்சலில் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை என்ற பேச்செல்லாம் அந்த ஒரே வருடத்தில் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் இந்திய தேசிய ராணுவம் ஆள் சேர்த்தது. தோட்டத்துப் பெண்கள் சிலர் துப்பாக்கி பிடிக்கவே கிளம்பிவிட்டார்கள். நல்லம்மாளுக்கும் போக ஆசை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் போக முடியவில்லை. அதற்குப் பதிலாகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கிராணியின் மனைவி கனகேஸ்வரி காக்கித் துணியை வெட்டிக் கொடுக்கக் கொடுக்க, இவள் சட்டை சட்டையாக மிதித்துத் தள்ளினாள். முதல் சட்டையில் இடக்கையும் வலக்கையும் மாறிப்போனதை எத்தனை வருடம் கழித்தும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எந்தச் சிப்பாய் அதைப் போட்டுக்கொண்டு என்ன பாடு பட்டானோ.

கிள்ளானில் ஒரு கூட்டம் நடந்தது. ராணுவச் செலவுக்கு நகை கேட்டார்கள். பெண்கள் வளையலையும் தோட்டையும் மேடையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நல்லம்மாளிடம் தாலியைத் தவிரப் பொட்டுத் தங்கம் கிடையாது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டாள். தங்கம் இல்லாதவர்களுக்குச் சாஸ்திரம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஊர் வாய் சாஸ்திரத்துக்கா கட்டுப்படும்? "உசுரோட இருக்கிறவனுக்கே தாலியறுத்தவ" என்று மாமியார் படுக்கையில் கிடந்தபடியே தொடங்கிவைத்தாள். தோட்டம் முழுவதும் அதையே பேசியது.

சண்டை முடிந்து பக்கிரிசாமி எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வாசலில் நின்றபடி அவர் முதலில் பார்த்தது அவள் கழுத்தைத்தான்.

"தங்கத்த பட்டாளத்துக்குக் குடுத்துட்டேங்க" என்றாள்.

"ம்" என்றார். அதோடு சரி.

அப்புறம் ரோட்டு வேலையில் லோரி ஓட்டக் கிடைத்தது, சுங்கை வேக்குக் குடிவந்தார்கள், சந்திரகலா பிறந்தாள். பக்கிரிசாமி கையில் காசு சேர்ந்தபோது மனைவிக்குத் தோடு வாங்கினார், வளையல் வாங்கினார், புதுத் தையல் மெஷின்கூட வாங்கிக் கொடுத்தார். தாலி மட்டும் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. பாசாரில் கீரை கேட்கிற மாதிரி கேட்டு வாங்குகிற பொருளா அது? ஆனால் அந்த "ம்" அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தன்னைச் செத்தவன் கணக்கில் வைத்துவிட்டாள் என்று மனுஷன் நினைக்கிறாரோ? ஆடிப்பெருக்குக்கு மஞ்சள் கயிறு மாற்றும்போதெல்லாம் இந்தப் பயம் வந்துவிடும். ஜப்பான்காரனுக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

1979-இல் பக்கிரிசாமிக்கு அறுபது நிறைந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியையாக இருந்த சந்திரகலா மணிவிழாவுக்கு நாள் குறித்துவிட்டாள். மணிவிழா என்றால் இருவரும் மறுபடி மணையில் உட்கார வேண்டும், கணவன் மறுபடி தாலி கட்ட வேண்டும். அவளே பத்தரிடம் சொல்லிப் பொட்டுத் தாலியும் செய்து கொண்டுவந்தாள்.

நல்லம்மாள் அதைத் தொடவில்லை. மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டே சொன்னாள்: "கட்ட வேண்டியது உங்கப்பா. அவருக்கு மனசு இருக்கான்னு கேட்டியா? புள்ள சொல்லுதேன்னு கட்டுறதா இருந்தா நான் மணையில உக்கார மாட்டேன்."

"என்னம்மா, பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு."

"குடுத்தா என்ன? சாப்பாடு போட்டு அனுப்பு."

பக்கிரிசாமி வெளியே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. கந்தைத் துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சயாம்ல எனக்கு வாந்திபேதி. பொழைக்க மாட்டேன்னு தனியாக் கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க" என்றார். "அப்பதான் நம்ம பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தன் புதுசா வந்தான். உன்னைக் கிழங்குக் காட்டுல பார்த்தானாம். கழுத்துல தாலி இல்லன்னான்."

நல்லம்மாள் மெஷினை நிறுத்தினாள். "மஞ்சள ரவிக்கைக்குள்ள விட்டிருப்பேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் செத்துட்டேன்னு சேதி போயி, என் கருமாதியே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இருவது வயசுப் பொண்ண மூளியா உக்கார வெச்சிட்டாங்களேன்னு அப்படி ஒரு ஆத்திரம். இங்க சாகக் கூடாது, போய்த் திரும்பத் தாலி கட்டணும்னு அந்த ஆத்திரத்துலயே கஞ்சியக் குடிச்சு எந்திரிச்சேன். வந்து பார்த்தா நீ மஞ்சளோட நிக்கிற. பட்டாளத்துக்குக் குடுத்தேங்கிற. நான் என்னத்தச் சொல்றது?"

"அப்புறம் ஏன் ஒரு தாலி செய்யல?"

"நாட்டுக்குன்னு குடுத்தவ, பெருமையா மஞ்சக் கயித்தோட இருக்கா. நாம ஒண்ணு செஞ்சு நீட்டுனா, நீ குடுத்தது தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன்."

நல்லம்மாளுக்கு வந்தது கோபம்தான். "இத்தன வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? நாடாம் நாடு. நான் எந்த நாட்டக் கண்டேன்? சண்டை சீக்கிரம் முடிஞ்சா சயாமுக்குப் போனவங்க வந்துருவாங்கன்னு மேடையில சொன்னாங்க. நீங்க வரணும்னுதான் கழட்டிக் குடுத்தேன்."

பக்கிரிசாமி அவளையே பார்த்தார். சந்திரகலா அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள். பெற்றவர்கள் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. நல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்ற ரவிக்கையைத் தைத்து முடித்தாள். அன்று போட்ட தையல் கோணலாகப் போய், மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மணிவிழா கோயில் மண்டபத்தில் நடந்தது. காப்பாரிலிருந்துகூடப் பழைய ஆட்கள் வந்திருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில், மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலக, மற்ற இரண்டையும் நாத்தனார் முறைக்காரி போடுவது வழக்கம். அப்படி ஒருத்தி முன்னால் வந்தாள். பக்கிரிசாமி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, லோரி ஓட்டித் தடித்துப்போன விரல்களால் மூன்று முடிச்சையும் தானே போட்டார். அதற்கு நேரம் பிடித்தது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கக் கெட்டிமேளத்தை இழுத்துக்கொண்டு போனார்.

கடைசி முடிச்சைப் போடும்போது அவள் காதருகே குனிந்து, "இதையும் கழட்டிக் குடுத்துராத" என்றார்.

"இன்னொரு சண்டை வந்து உங்களப் புடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் நல்லம்மாள், தலையைத் திருப்பாமல். "அன்னிக்கே குடுப்பேன்."