அய்யன் படத்துக்குக் கீழே ஒரு கடல்

குமுளியில் கடலுக்கு என்ன வேலை என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் வாடகைக்கு விடும் அறைகளுக்கு வருகிறவர்கள் காடு பார்க்கவும் யானை பார்க்கவும் வருகிறவர்கள். கார்த்திகை பிறந்தால் மலைக்குப் போகும் சாமிமார். இதில் யார் கடல் மீன் கேட்டார்கள்? ஆனாலும் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. பாக்கெட் உப்பைக் கரைத்து ஊற்றி, மணல் பரப்பி, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை விட்டார். "கெஸ்ட்டெல்லாம் போட்டோ எடுப்பாங்க பாரு" என்றார்.

வைத்த இடம்தான் அதிசயம். அய்யப்பன் படத்துக்கு நேர் கீழே. அந்த வாரமே மாலையும் போட்டுக்கொண்டார். சமையலறையில் மீன் நுழையக்கூடாத மாசம், கூடத்தில் மீன். சாமி படத்துக்குக் கீழே இருட்டு ஆகாதாம், தொட்டி விளக்கு இராப்பகலாக எரிந்தது.

முதலில் மணலில் காப்பித்தூள் சிந்தின மாதிரி ஒரு படிவு. புதுத் தொட்டியில் அப்படி வரும், தானாகப் போய்விடும் என்று மீன்கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். போகவில்லை. அதன்மேல் பச்சை வந்தது. கல்லெல்லாம் முடி முளைத்த மாதிரி நீளநீளமாகப் பாசி. போட்டோ எடுக்க வந்தவர் ஒருத்தர், "உள்ள என்ன, கீரையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலை போட்டவரைத் திட்டக்கூடாது. கட்டின பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "சாமி, உங்க கடல்ல புல்லு முளைச்சிருக்கு சாமி. மாடு ஒண்ணு வாங்கிருவமா சாமி?" என்றேன்.

"கடல்னா பாசி இருக்கத்தான் செய்யும்" என்றார். கடலை அவர் பார்த்தது திருச்செந்தூரில் ஒரு தடவை. அதுவும் காலை மட்டும் நனைத்துவிட்டு ஓடிவந்தவர்.

தங்க வந்த சாமிமார் இன்னொரு பக்கம். மீனைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. தெப்பக்குளத்தில் பொரி போட்டுப் பழகின கை. பொரி, அவல், தேங்காய்ச் சில்லு, எல்லாம் உள்ளே விழுந்தது. "போடுங்க சாமி, புண்ணியம்" என்று இவர் பக்கத்தில் நின்று உபசாரம் வேறு. பொரி ஊறி மணலில் அழுக, பாசி கொழுத்தது.

ஒருநாள் காலையில் விளக்கேற்ற வந்தேன். ஒரு மீன் கல்லுக்கடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. எனக்குக் கேலியெல்லாம் போய்விட்டது. விரதம் இருக்கிற வீட்டில், மாலை போட்டவர் கொண்டுவந்த வாயில்லாத உயிர், அய்யன் காலடியில் செத்தால்? அந்தப் பாவத்தோடு இவர் எப்படி இருமுடி கட்டுவார்?

மீன் வாங்கின கம்பம் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"தீனி என்னக்கா போடுறீங்க?"

"பொரி."

"கடல் மீனுக்கா?"

"அவலும் உண்டு."

"லைட்டு?"

"அணைக்கிறதே இல்ல தம்பி. மேல சாமி படம் இருக்குல்ல."

"யக்கா, பாசிக்கு விருந்துல்ல வச்சிருக்கீங்க! அழுகினத உறிஞ்சி எடுங்க. பாதித் தண்ணிய மாத்துங்க. லைட்ட அணைச்சு நாலு நாளைக்குத் துணி போட்டு மூடுங்க. காத்து மோட்டார மட்டும் நிறுத்திராதீங்க."

சொன்னபடி செய்தேன். மூடுவதற்குக் கைக்குக் கிடைத்தது கொடியில் காய்ந்த இவருடைய கறுப்பு வேட்டி. கோயிலிலிருந்து வந்தவர் பதறிப்போனார். "சாமி படத்துக்குக் கீழ இருட்டா? அதுவும் என் வேட்டிய மீனுக்குப் போத்தியா?"

"காட்டுக்குள்ள உக்காந்திருக்கிற அய்யனுக்கு இருட்டு புதுசா சாமி? ஒரு உயிர் போனா மட்டும் அவருக்குச் சந்தோசமா சாமி?"

அவர் வேட்டி நுனியை இழுத்து, மூடாத மூலையையும் மூடிவிட்டுப் போனார்.

துணியை எடுத்த அன்று பாசி வெளுத்துக் கிடந்தது. இழுத்தால் கையோடு வந்தது. மீன் கல்லைவிட்டு வெளியே வந்து, கடைக்காரர் கொடுத்தனுப்பிய தீனியில் ஒரு துணுக்கைக் கவ்வியது. அய்யப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சாயந்திரம் புதிதாக ஒரு கூட்டம் தங்க வந்தது. என் வீட்டுக்காரர் தொட்டியைக் காட்டி, "வெளிச்சத்தக் குறைக்கணும் சாமி. கடல் நுணுக்கம் எல்லாருக்கும் பிடிபடாது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த சாமி ஒருவர் பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து உடைக்க ஆரம்பித்தார்.

நான் போய்த் தொட்டியை மறைத்து நின்றுகொண்டேன்.