ஆறு வாரத்து இடுப்புகள்

பிறந்து ஆறு வாரமான பச்சைக் குழந்தைக்கு இடுப்பு ஸ்கேன் எடுக்கிற வேலையில் ஒரே சிரமம், "ஆடாதே" என்று சொன்னால் அறையில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள், நோயாளியைத் தவிர. தடுப்பூசி போடுகிறவர்களே, மொட்டை அடிக்கிறவர்களே, ஸ்டூடியோவில் குழந்தைகளைப் படம் பிடிக்கிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்புக் கிண்ணத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

திறப்பு

பூதலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மனைவியோடு தலைச்சன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதம். நாற்று விட முடியாத கவலையை வெளியே காத்திருந்த எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜெல்லைச் சூடாக்கித் தடவினேன். படம் அருமையாக வந்த நேரம் பார்த்து, என் மூக்குக்கண்ணாடி, கீபோர்டு என்று பாரபட்சமில்லாமல் நனைத்துவிட்டான். அம்மா பதறிப்போய்த் துண்டு தேடினாள். அப்பா முகத்தில் அப்போதுதான் சிரிப்பே வந்தது.

"மேட்டூர்லதான் இன்னும் தொறக்கல மேடம். இவன் தொறந்துட்டான்."

கச்சேரி

பாடினால் குழந்தை அடங்கும் என்று யாரோ சொல்ல, ஒருநாள் நானும் ஆரம்பித்தேன். அழுகை ஏறியது. நானும் சுருதியை ஏற்றினேன். குழந்தையின் காலைப் பிடித்திருந்த எங்கள் நர்ஸ் ஜெயந்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தர் நிறுத்துங்க மேடம். நீங்கன்னா சொன்னா கேப்பீங்க."

வார்

திருக்காட்டுப்பள்ளி கலைச்செல்வி தனியாகத்தான் வந்தாள். அவள் மகள் வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தபடியே இருந்தவள். அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு இடுப்பைப் பார்ப்பது நல்லது. இடது கிண்ணம் ஆழமில்லை. உருண்டை விளிம்பிலேயே நின்றது. நான் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"நடப்பாளா, மாட்டாளா? அத மட்டும் சொல்லுங்க."

"பயப்படாதீங்கம்மா, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம். காலை மடக்கி அகட்டி வைக்கிற மாதிரி வார் போடுவாங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் நீங்களா கழட்டிடாதீங்க."

வார் போட்டதும் தவளை மாதிரிக் கிடந்த பேத்தியைப் பார்த்து மாமியார் அழுதாராம். சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில், "போட்டோ எடுக்கிற வரைக்குமாவது கழட்டேன்" என்றார்களாம். அன்று முழுக்க இவள் குழந்தையை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். ஸ்கேனுக்கு வரும்போதெல்லாம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். "தண்ணி ஊத்திக் குளிப்பாட்ட ஆசையா இருக்கு மேடம்" என்று சொன்ன அன்றைக்கு மட்டும் குரல் உடைந்துவிட்டது.

கடைசி ஸ்கேனில் உருண்டை கிண்ணத்துக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினேன். அதில் அவளுக்கு என்ன புரிந்ததோ, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு டாக்டர் வாரைக் கழற்றியதும் நேரே என் அறைக்குத் திரும்பி வந்து, தூங்குகிற மகளை மேசையில் கிடத்தினாள். வார் இல்லை, ஆனால் கால் இரண்டும் அதே தவளை மடக்கு.

"கழட்டியாச்சுன்னு இவகிட்ட யாரு மேடம் சொல்றது?"

நான் ஒழுங்காகப் பார்த்து அனுப்பிய குழந்தைகளெல்லாம் இப்போது பெற்றவர்கள் கைக்குச் சிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு விழுகிற திட்டு மட்டும் நல்லவேளையாக என் காதுக்கு வருவதில்லை.